செலவு

ஷார்ஜா. நாற்பத்து மூன்றாம் வருடத்து ஆவணி.
தகரக் கொட்டகைக்குள்
எழுத்து முடியுமுன் மை காய்ந்துவிடுகிறது.
நான் சவரிராயன், தூத்துக்குடிக்காரன்,
விமானப்படைப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறேன்.

என் பேரேட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.
பெட்ரோல், டயர், டின் இறைச்சி, உப்பு மாத்திரை
எல்லாம் இதற்குள் அடங்கும்.

விடியுமுன் மூன்று பிளென்ஹைம் கிளம்பின,
ஓமான் பக்கத்துக் கடலில் நீர்மூழ்கி தேட.
பத்து மணிக்கு இரண்டு வந்தன.
சமையல்காரன் மூன்று பேர் முட்டையை
தட்டால் மூடி வைத்தான்.
எவ்வளவு பெட்ரோல் ஏற்றினோம் என்பது எனக்குத் தெரியும்,
கையெழுத்து என்னுடையது.
பதினொன்றேகாலுக்கு மேல் அது வானத்தில் இருக்க வழியில்லை.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எதிரி சுட்டான் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.
இந்தக் கோடையில் இது நாலாவது.
ஒன்று ஓடுபாதை முடிவில், எழும்பின கையோடு.
ஒன்று புழுதிக்காற்றில் வழி தெரியாமல்.
வெயிலில் இஞ்சினுக்கும் இளைப்பு வரும்,
மணல் அதன் தொண்டைக்குள் போகும்.
இதற்கெல்லாம் பதக்கம் கிடையாது.

'காணவில்லை' என்று போடு, என்றார் அதிகாரி.
எங்கள் ஊரில் ஆட்டுக்குத்தான் அப்படிச் சொல்வோம்.

மூன்று கட்டில். மூன்று பை.
பெனக், விமானி: ரேஸர், சாமுத்திரிகா சோப்பு பாதி,
இரண்டு பெண்களின் புகைப்படம்.
ஒன்று வீட்டுக்குப் போகும்.
மற்றதை எரிக்கச் சொன்னார்கள், மனைவி பார்க்கக் கூடாதாம்.
தீயில் அவள் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தாள்.
தார்ன்லி, வழிகாட்டுபவன்: பைபிள், சீட்டுக்கட்டு,
ஒரு காலுறை மட்டும்.
கிராடக், கம்பியில்லாத் தந்தி. வயது இருபது.
மெஸ்ஸில் பாக்கி, நாலு ரூபாய் பதினோரு அணா.

தண்ணீர் டின்னோடு வந்த கல்ஃபான் எட்டிப் பார்த்தான்.
முத்துக் குளித்தவன். சலாபம் செத்த பிறகு
முகாமுக்குத் தண்ணீர் சுமக்கிறான்.
என் அப்பாவும் அதே தொழில் என்பதால்
என்னிடம் கொஞ்சம் பேசுவான், பாதி இந்துஸ்தானியில்.
கடலுக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவன்.
அந்தப் பக்கம் ஆழம் அதிகமா என்றேன்.
அதற்குப் பதில் சொல்லவில்லை.
'இவனுக்குக் கடன் உண்டா?' என்றான்.
உண்டு என்றேன்.
'மகன் இருக்கிறானா?'
இல்லை.
'அப்ப நல்லது. எங்களில் மூழ்கினவன் கடன்
மகன் தலையில் ஏறும். நான் என் அப்பனுடையதை
பதினெட்டு வருஷம் மூச்சடக்கிக் கட்டினேன்.'
டின்னை இறக்கினான். பாதி ததும்பியது.

பள்ளியில் படித்திருக்கிறேன்,
பழைய பாட்டில் செலவு என்றால் பயணம்.
பொருள் தேடக் கிளம்பினவன்
வாசலிலேயே தயங்கி நின்றுவிடும் பாட்டுகள் உண்டு.
அன்று பெஞ்சில் இருந்து சிரித்தோம்.
இங்கே நின்று யோசிக்க
ஒருவனுக்கும் நேரம் கொடுக்கவில்லை.

பட்டியல் முடியவில்லை.
போன வாரம் என் பேனா முள் உடைந்தபோது
கிராடக் தன்னுடையதைத் தந்தான், பச்சை நிறம்,
மூடியில் பல் தடம்.
'திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்றான்.
இத்தனையும் எழுதினது அதில்தான்.

கடைசி வரி:
மைப்பேனா, பச்சை, ஒன்று.
எழுதி முடித்து மூடி போட்டுப் பைக்குள் வைத்தேன்.
கையெழுத்துக்குப் பென்சில் தேட வேண்டியிருந்தது.
பென்சிலில் போட்டால் செல்லாது என்று
நாளைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.